மிரளும் குதிரையைப் பழக்குதல்

லாயத்துக்கு வெளியே சவாரி போகையில் அஞ்சி ஒதுங்கும், திமிறும் அல்லது பாய்ந்தோடும் குதிரைக்குச் சவாரியாளர்மீது நம்பிக்கை உண்டாக்கும் முறை.

காரணம்: குதிரை இரைவிலங்கு, மந்தையாக வாழ்வது. ஐயம் எழுந்தால் முதலில் ஓடும். கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் ஏறத்தாழ 350 பாகை வரை பார்க்கும். நேர் முன்னும் பின்னும் சிறு பகுதி மட்டும் தெரியாது. பொருந்தாத சேணம், பல்வலி, குளம்பு நோய் ஆகியவையும் மிரட்சியைக் கூட்டுவதால் அவற்றை முதலில் சோதிக்க வேண்டும்.

முறை: குதிரையைக் கையில் பிடித்து நடத்தியே பாதையை அதற்கு அறிமுகப்படுத்துவர்; அமைதியான மூத்த குதிரையொன்று முன்னே செல்வது நல்லது. அஞ்சும் பொருளுக்குச் சற்றுத் தொலைவில் நிறுத்திப் பார்க்கவும் மோப்பம் பிடிக்கவும் விடுவர். ஓரடி முன்வைத்ததும் கடிவாளத்தைத் தளர்த்துவதே அதற்குரிய பரிசு. கழுத்து தாழ்தல், காதுகள் தளர்தல் ஆகியவை அச்சம் தணிவதன் அறிகுறிகள். அடித்தால், அப்பொருளையே வலியோடு சேர்த்து நினைவில் வைக்கும்; கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கரான செனபோன் இதைக் குறித்து எச்சரித்தார்.

இலங்கையில்: 19ஆம் நூற்றாண்டில் மலையகத் தோட்டத் துரைமார் குதிரையில் சென்றே தோட்டங்களைப் பார்வையிட்டனர், குதிரைகளைப் பராமரித்தவர்கள் குதிரைக்காரர்கள். நுவரெலியாவில் 1875இல் பந்தயத் திடல் அமைந்தது. இன்று அங்கே கிரகரி வாவியோரம் சுற்றுலாப் பயணிகளுக்கான மட்டக்குதிரைச் சவாரி நடைபெறுகிறது. நெடுந்தீவில் மனிதருக்குப் பழகாத குதிரைகள் மந்தையாகத் திரிகின்றன.