வழுக்கை பற்றிய அறிவின் வளர்ச்சி

மனிதன் தலைமயிரை இழப்பது ஏன் என்னும் வினா மிகத் தொன்மையானது. ஹிப்போக்கிறற்றீசின் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவ நூற்றொகுதி, விதை நீக்கப்பெற்ற ஆடவர்க்கு வழுக்கை விழுவதில்லை என்று கூறுகின்றது. அவதானிப்பு உண்மையானதே, அதன் காரணம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விளங்காதிருந்தது.

1942ஆம் ஆண்டிலே அமெரிக்க உடலமைப்பியலறிஞர் ஜேம்ஸ் ஹமில்ற்றன் அதனை விளக்கினார். விதைகள் முதிர்ச்சியடையாத ஆடவர்க்கு ஆண் ஓமோன் கொடுக்கப்பட்டபோது, குடும்பத்திலே வழுக்கையுடையோர்க்கு மயிர் உதிரத் தொடங்கிற்று. பரம்பரையும் ஓமோனும் கூடியவிடத்தே இவ்வழுக்கை தோன்றும் என்பது இதனாற் பெறப்பட்டது.

ஆயினும், ஓமோனின் ஏவலை ஏற்றுத் தொழிற்படுவது கலமேயாம். தலையிலுள்ள ஏறக்குறைய 1,00,000 மயிர்களும் தனித்தனியே சில ஆண்டுகள் வளர்ந்து, சில மாதங்கள் ஓய்ந்து, உதிர்ந்து, புதிய மயிருக்கு இடங்கொடுக்கும். வளரும் மயிரின் அடியிலுள்ள கலங்கள் மிக விரைவாகப் பிரிவன. பிரியுங் கலங்களைத் தாக்கும் புற்றுநோய் மருந்துகள் பல மயிரையும் உதிர்ப்பது இதனாலேயே.

மயிரை மீண்டும் மீண்டும் தோற்றுவிக்கும் மூலக்கலங்கள் மயிர்ப்புடைப்பின் மேற்பகுதியில் உறைவதை, 1990ஆம் ஆண்டில் எலிகளிற் செய்யப்பட்ட ஆய்வு காட்டிற்று. வழுக்கை விழுந்த தோலிலும் அம்மூலக்கலங்கள் எஞ்சியுள்ளன என்றும், அவற்றின் வழித்தோன்றல்களே குறைந்துள்ளன என்றும் 2011இல் அறியப்பட்டது. எனவே, வழுக்கைத் தலையின் வேர்கள் முற்றாக அழிந்தன எனக் கொள்வது பிழையாகும்.

ஓய்ந்த மூலக்கலம் விழிப்பது எவ்வாறு? இதற்கு விடை தர உதவியது கலங்களின் அனுசேபம் பற்றிய ஆராய்ச்சியாகும். ஒட்சிசன் இருக்கும்போதும் புற்றுநோய்க் கலங்கள் குளுக்கோசைப் பெருமளவில் இலற்றிக்கமிலமாக மாற்றுவதை, 1920களில் ஜேர்மனிய அறிஞர் ஒற்றோ வார்பேர்க் கண்டார். மயிரின் மூலக்கலங்களும் அயற்கலங்களிலும் மிகுதியாக இலற்றிக்கமிலத்தை ஆக்குகின்றன என 2017இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தார் நிறுவினர். எலிகளில் அவ்வாக்கம் தடுக்கப்பட்டபோது மூலக்கலங்கள் விழிக்கவில்லை. மிகுவிக்கப்பட்டபோது மயிர் விரைந்து முளைத்தது.

எலியிற் கண்டது மனிதர்க்கு மருந்தாகிவிட்டதெனக் கொள்ளலாகாது. எனினும், மயிரிழந்தோரை எள்ளுவதற்கும், முப்பது நாளில் முடி தருவோம் என்னும் விளம்பரங்களை நம்புவதற்கும் அறியாமையே இதுகாறும் துணைநின்றது. கலத்தின் தொழிலை உள்ளவாறு அறிவோர் இவ்விரண்டையும் ஒழிப்பர்.