கடல் இல்லாத சேலத்துக்கு ஏற்காடு ஏரிக்கரைதான் 'பீச்': அங்குள்ள கரும்பாறை எரிமலைப் பாறையா? குறைந்த செலவில் குடும்பத்தோடு போய்வர என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை மாலை சென்னைக் குடும்பங்கள் மெரினாவுக்குப் போகும். கடலூர்க்காரர்களுக்கு வெள்ளி கடற்கரை இருக்கிறது. சேலத்துக்கு? பக்கத்துக் கடலே சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி. தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்து, பிள்ளைகளை ஓடவிட்டு, மிளகாய் பஜ்ஜி வாங்கிச் சாப்பிட்டு, அன்றைக்கே வீடு திரும்ப வேண்டும் என்றால் சேலத்து மக்கள் கீழே போவதில்லை, மேலே ஏறுகிறார்கள். சேர்வராயன் மலையில் இருக்கும் ஏற்காடு ஏரிக்கரைதான் அவர்களுக்குக் கடற்கரை மாதிரி.

மலை ஏறும்போது பலருக்கும் ஒரு சந்தேகம் வரும். வழியெல்லாம் கருகரு பாறை, உச்சியில் செக்கச்செவேல் மண். 'இது பழைய எரிமலையா?' என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது? அதற்கான பதிலும், இந்தப் பயணத்தில் செலவைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டிய சில விஷயங்களும் இங்கே.

ஏன் 'ஏழைகளின் ஊட்டி'?

ஏரி, காடு இரண்டும் சேர்ந்ததுதான் ஏற்காடு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,515 மீட்டர் உயரம். சேலம் நகரம் ஏறக்குறைய 280 மீட்டரில் இருக்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால், சேலத்தில் 38 டிகிரி கொளுத்தும் நாளில் ஏரிக்கரையில் 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலான பஸ் பயணத்தில் எட்டு டிகிரி குறைகிறது என்றால் கூட்டம் வராமல் இருக்குமா?

ஊட்டி, கொடைக்கானலைவிட இங்கே செலவு குறையக் காரணம் தூரம்தான். சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். அரசுப் பேருந்து நேராக ஏரிப் பக்கம் கொண்டுவந்து விடும். காலையில் ஏறி மாலையில் இறங்கலாம் என்பதால் அறை வாடகை இல்லை. மலைவாசஸ்தலங்களில் குடும்ப பட்ஜெட்டைத் தின்பது அந்த அறை வாடகைதான். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. அந்த உத்தரவில் ஏற்காடு இல்லை.

ஏரியில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம் இருக்கிறது. மிதி படகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு எல்லாம் உண்டு. பக்கத்திலேயே அண்ணா பூங்கா. படகுக்கும் பூங்காவுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும். கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால் கவுன்ட்டர் பலகையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கரையில் நடக்கவும் உட்காரவும் காசு வேண்டாம். புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு வரும் குடும்பங்களை இங்கே எப்போதும் பார்க்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சீசன் நேரத்து ஓட்டல் விலையைப் பார்த்தால் அதுதான் புத்திசாலித்தனம்.

மே மாதத்தில் கோடை விழா நடக்கும். மலை உச்சியில் குகைக்குள் இருக்கும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் அதே மாதத்தில்தான். விழா நாட்களில் கூட்டம் அதிகம். கைக்குழந்தையோடு போகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்து, வார நாளில் போவது நல்லது.

அந்தக் கரும்பாறை எரிமலையில் வந்ததா?

இல்லை. அதன் பெயர் சார்னோக்கைட். இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கல்லறை இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் என்பவர் கொல்கத்தாவில் புனித ஜான் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். அவருடைய கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர், 1893-ல் அந்தப் பாறை வகைக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கல் நம்ம ஊர்க் கல். சென்னை பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியில் இருப்பதும் இதே வகைப் பாறைதான். ஏற்காட்டில் உங்கள் பிள்ளை தட்டிப் பார்க்கும் பாறையும் அதே குடும்பம்.

எரிமலைப் பாறைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எரிமலைக் குழம்பு வெளியே வந்ததும் சட்டென்று ஆறிவிடும். அதனால் அதன் மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாக இருக்கும். பல இடங்களில் வாயுக் குமிழி விட்ட ஓட்டைகளும் இருக்கும். சார்னோக்கைட் அப்படி வெளியே வந்து ஆறியது கிடையாது. பூமிக்கு அடியில் 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில், 700, 800 டிகிரி வெப்பத்தில், மேலே இருந்த மலையளவு பாரத்தில் அவிந்து உருமாறியது. வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. பிறகு மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போய், அடியில் இருந்தது இன்று உச்சியில் நிற்கிறது.

சும்மா நம்ப வேண்டாம், சோதித்துப் பார்க்கலாம். சாலை வெட்டிய இடங்களில் உடைந்து கிடக்கும் கல்லைக் கையில் எடுத்து போன் டார்ச் அடித்துப் பாருங்கள். (கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு வேண்டாம், மேலே போய்.) கல் உள்ளே எண்ணெய் பூசியது போல நீலம் கலந்த சாம்பல் அல்லது பச்சை நிறத்தில் இருக்கும். மணிகள் கண்ணுக்கே தெரியும். ஓட்டை இருக்காது. வெளியே தெரியும் கருப்பு பெரும்பாலும் வெயில், மழை, பாசி செய்த வேலை.

சரி, அந்தச் சிவப்பு மண்? அதுவும் இதே பாறைதான். நெடுங்காலம் மழை ஊறி, பாறையில் கரையக்கூடியதெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட, இரும்பும் அலுமினியமும் தங்கிவிட்டன. இரும்பு துருப்பிடித்துத்தான் அந்தச் சிவப்பு. அலுமினியம் மிகுந்த பகுதி பாக்சைட். சேர்வராயன் மலை பாக்சைட்டைப் பல ஆண்டுகள் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோனார்கள்.

மலையடிவாரத்தில் கதை கொஞ்சம் வேறு. சேலத்திலிருந்து ஏறுவதற்கு முன் வெள்ளை வெளேர் என்று சுரங்கக் குன்றுகள் தெரியும். அது மேக்னசைட். பூமியின் ஆழத்திலிருந்து குழம்பாக எழுந்து வந்து, வெளியே வெடிக்காமல் உள்ளேயே இறுகிய பாறை பின்னாளில் மாறியதால் கிடைத்த தாது. ஆக, 'எரிமலை மாதிரி ஏதாவது உண்டா' என்று பிள்ளை விடாமல் கேட்டால், அந்த வெள்ளைக் குன்றைக் காட்டலாம்.

அப்படின்னா எரிமலைக் கடற்கரை எங்கேதான் இருக்கு?

நமக்குக் கிட்டத்தில் என்றால் கர்நாடகத்தின் உடுப்பி அருகே. மால்பே கடற்கரையிலிருந்து படகில் போனால் செயின்ட் மேரீஸ் தீவுகள். எரிமலைக் குழம்பு இறுகும்போது சுருங்கி வெடித்ததால் உண்டான கல் தூண்கள், யாரோ செதுக்கி அடுக்கியது போல நிற்கும். சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்த காலத்துப் பாறை அது. இந்திய நிலவியல் ஆய்வு மையம் அதைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. மழைக்காலத்தில் படகு ஓடாது. சேலம் வழியாகப் போகும் மங்களூரு ரயில் பிடித்து அங்கிருந்து உடுப்பி போகலாம். இன்னும் உயிரோடு புகைகிற எரிமலை வேண்டுமென்றால் அந்தமானின் பேரன் தீவு. 1991-ல் மீண்டும் வெடிக்கத் தொடங்கிய அதில் சுற்றுலாப் பயணிகள் இறங்க முடியாது.

மலைப்பாதையில் எங்கே கவனம் வேண்டும்?

சேலம் - ஏற்காடு சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். 2024 ஏப்ரல் 30-ம் தேதி இந்தப் பாதையில் தனியார் பேருந்து ஒன்று கவிழ்ந்து உயிர்கள் போயின. அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது.

பாறை இவ்வளவு கெட்டி என்றால் ஏன் சரிகிறது? சரிவது பாறை இல்லை, அதன் மேல் போர்வை மாதிரி இருக்கும் மண். மழை ஊற ஊற மண் கனம் கூடும். கீழே வழுக்கும் பாறை. சாலைக்காக அடிப்பக்கம் வெட்டப்பட்டிருந்தால் பிடிமானமும் இல்லை. அதனால்தான் இரண்டு மூன்று நாள் தொடர் மழைக்குப் பிறகு ஆபத்து அதிகம். அன்றைக்கு வெயில் அடிக்கிறதே என்று கிளம்பிவிடக் கூடாது. மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள். குப்பனூர் வழியாக இன்னொரு பாதையும் உண்டு.

சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பது வேண்டவே வேண்டாம். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று நாலு பேர் இறங்குவது இங்கே சாதாரணக் காட்சியாகிவிட்டது. அதில் என்ஜின் தரும் பிடிப்பு குறைவு, பாரம் முழுவதும் பிரேக் மேல்தான். அந்தக் குடும்பத்துக்கு பஸ்தான் சரி. எதிரே மேலேறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. பஸ்ஸில் பிள்ளைகளுக்கு வாந்தி வரும் என்றால் வயிறு முட்டச் சாப்பிடவைத்து ஏற்றாதீர்கள், முன்பக்க சீட்டில் உட்காரவையுங்கள்.

ஏரியில் குளிக்கலாமா?

கூடாது. கடற்கரை மாதிரி என்று சொன்னது உட்கார்ந்து பார்ப்பதற்குத்தான், இறங்குவதற்கு இல்லை. படகில் ஏறும்போது சின்னப் பிள்ளைக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள். பெரியவர்களுக்கானதை மாட்டிவிட்டால் தண்ணீரில் அது கழன்று மேலே போய்விடும்.

ஏரி நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் சில கிலோமீட்டர் தள்ளி கிள்ளியூர் அருவியாக விழுகிறது. சுமார் 300 அடி. அருவி நன்றாக விழ வேண்டுமென்றால் மழை பெய்திருக்க வேண்டும், மழை பெய்திருந்தால் பாறை வழுக்கும். இறங்கும் பாதை செங்குத்து. முட்டி வலி இருக்கும் தாத்தா பாட்டியை ஏரிக்கரையிலேயே உட்காரவைத்துவிட்டுப் போவது நல்லது. மேலே திடீரென்று கனமழை பெய்தால் அருவியில் வெள்ளம் சொல்லாமல் வரும். தண்ணீர் கலங்கலாக மாறினால் அந்த நிமிடமே வெளியேறுங்கள்.

இந்த இணைப்பினால் இன்னொரு விஷயமும் நடக்கிறது. ஏரிக்கரையில் வீசும் தட்டும் கவரும் மழைக்கு ஏரியில் இறங்கி, வழிந்து, நீங்கள் மதியம் குளிக்கப்போகும் அருவிக்கே வந்து சேரும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. கட்டுசாதத்துக்கு வாழை இலை, எவர்சில்வர் டப்பா போதும்.

நேரம் இருந்தால் சூரியன் சாயும்போது லேடீஸ் சீட் போகலாம். கீழே சேலம் நகரத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவது தெரியும். ஆனா, மாலைக்கு மேல் பனிமூட்டம் இறங்கினால் பத்தடி முன்னால் இருப்பதுகூடத் தெரியாது. பஸ்ஸில் வந்தவர்கள், காலையில் இறங்கும்போதே கண்டக்டரிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாட்களில் கடைசி இரண்டு பஸ்ஸிலும் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம்.