அடுப்பு எரிந்த ஒரு வேளை: தருமபுரி வீடுகளின் இரவு உணவு வரலாறு

மக்ரிப் தொழுகை முடித்துப் பள்ளிவாசலிலிருந்து வீடு திரும்பும் வேளையில், தருமபுரியின் தெருக்களில் இன்று நம்மை எதிர்கொள்வது தோசைக்கல்லின் ஓசையும் சப்பாத்தி சுடும் மணமும்தான். சில வீடுகளில் இட்லி. சில வீடுகளில் மதியம் வடித்த சோற்றோடு தால்ச்சா. பிள்ளைகள் அடம்பிடித்தால் கடைப் பரோட்டா. நம் பாட்டனார் காலத்தில் இதே தெருக்களில், இதே நேரத்தில் எழுந்தது கேழ்வரகு மாவு வேகும் மணம். இரண்டு தலைமுறைக்குள் நம் இரவுச் சட்டி முற்றிலும் மாறிவிட்டது. கோட்டைகளையும் போர்களையும் வரலாறாகப் படிக்கும் நாம், இந்த மாற்றத்தை வரலாறாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு நாட்டின் மழையும் வரியும் பஞ்சமும் அரசாணையும் கடைசியில் வந்து சேருமிடம் அந்தச் சட்டிதான்.

சூடான உணவு ஒரு வேளை

புன்செய் உழவர் வீடுகளில் அக்காலத்தில் அடுப்பு பெரும்பாலும் மாலையில்தான் எரிந்தது. பகல் முழுவதும் காட்டிலும் மேட்டிலும் உழைத்துத் திரும்பிய பிறகு, விறகும் தண்ணீரும் சேர்ந்த பிறகு, ஒரு முறை சமைப்பார்கள். அந்த இரவு உணவே நாளின் ஒரே சூடான உணவு. மிஞ்சிய களியில் தண்ணீர் ஊற்றி வைத்தால், மறுநாள் காலையில் அதையே கரைத்து, மோரும் உப்பும் சேர்த்து, சின்ன வெங்காயத்தையோ பச்சை மிளகாயையோ கடித்துக்கொண்டு குடித்துவிட்டு வேலைக்குப் போவார்கள். ஆகவே இரவுச் சமையல் என்பது இரவுக்கு மட்டுமான சமையல் அன்று. அடுத்த நாளின் உழைப்புக்கும் அதுவே முதல்.

களி கிண்டுவது எளிய வேலையும் அன்று. உலைநீர் கொதித்ததும் நொய்யை இட்டு வேகவிட வேண்டும். நொய் வெந்த பின் மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் கோலால் துளையிட்டு, மூடிப் புழுங்க விட வேண்டும். பிறகு பானையை அசையாமல் பிடித்துக்கொண்டு, கட்டி தட்டாதபடி இரு கையாலும் துடுப்பால் கிளற வேண்டும். தோளில் வலுவில்லாதவரால் அது ஆகாது. வெந்த களியைத் தண்ணீர் தொட்ட கையால் உருண்டையாக்கி, நடுவே குழித்து, அதில் குழம்பை ஊற்றினால் உணவு தயார். கீரைக் கடைசல், கொள்ளுச் சாறு, அவரைக்காய்க் குழம்பு, நிலக்கடலைச் சட்னி என்பவை அன்றாடத் துணைகள். சந்தை நாளில் கருவாடு வரும். விருந்தாளி வந்தால் கோழி.

நம் சமுதாயத்தில் உருது பேசும் குடும்பங்களும் தமிழ் பேசும் இராவுத்தர் குடும்பங்களும் இம்மாவட்டத்தில் அருகருகே வாழ்கின்றன. ஒரு வீட்டில் பருப்பும் புளியும் சேர்ந்ததற்குக் கட்டா என்று பெயர். மற்றொரு வீட்டில் புளியாணம். பெயரும் மொழியும் வேறு. ஆனால் அதை ஊற்றிச் சாப்பிட்ட களி, பக்கத்து வீட்டு உழவர் சாப்பிட்ட அதே களி. நெய்ச்சோறும் பிரியாணியும் பெருநாளுக்கும் நிக்காஹ் விருந்துக்கும் உரியவை. அவற்றை நம் அன்றாட உணவாகப் பிறர் எண்ணுவதும், நாமே அப்படி எண்ணிக்கொள்வதும் அண்மைக் காலத்துப் பழக்கம்.

பாராமகால் மண்ணின் தானியம்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் நெடுமானஞ்சியின் முன்னோர் தமிழ்நாட்டிற்குக் கரும்பைக் கொண்டுவந்தவர்கள் என்று புறநானூற்றில் ஒளவையார் கூறுகிறார். கரும்பு ஏரிப் பாசனமும் ஆற்றுப் பாசனமும் உள்ள இடத்துப் பயிர். இம்மாவட்டத்தின் பெரும்பகுதியோ வானம் பார்த்த பூமி. மேட்டு நிலத்தில், குறைந்த மழையில் விளையக்கூடியவை கேழ்வரகு, சாமை, சோளம், கம்பு, கொள்ளு ஆகியவையே. இவற்றுள் கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மலைநாடுகளில் தோன்றி, கடல் கடந்து இந்தியாவுக்கு வந்து, தக்காணத்து மேட்டு நிலங்களைத் தன் சொந்த வீடாக்கிக்கொண்ட பயிர். வந்தேறி என்று இன்று அதை யாரும் சொல்வதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் பாராமகால் என்று அழைக்கப்பட்ட இப்பகுதி, ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் மைசூர் ஆட்சியில் இருந்தது. தக்னி உருது பேசும் நம் குடும்பங்கள் பல, தம் முன்னோர் இங்கு வந்ததை அந்த ஆட்சிக் காலத்தோடு இணைத்தே சொல்லி வருகின்றன. அவர்கள் விட்டு வந்த மைசூர் மேட்டுநிலமும் கேழ்வரகு நாடுதான். 1800-இல் மைசூர் நாட்டில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், புன்செய்ப் பயிர்களில் கேழ்வரகே தலையானது என்று எழுதிவைத்தார். எனவே வந்தவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் இரவு உணவில் பெரிய வேறுபாடு இருந்திருக்க இடமில்லை.

1792 மார்ச்சில் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் நிருவாகப் பொறுப்பேற்றார். அவருக்குத் துணையாக வந்த தாமஸ் மன்றோ 1799 வரை இங்குப் பணியாற்றினார். தருமபுரியில் அவர் தங்கியிருந்தார். நிலத்தை அளந்து, உழவரிடமே நேராக வரி வாங்கும் இரயத்துவாரி முறை இங்குதான் உருவெடுத்து, பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் பரவியது. நன்செய், புன்செய் என்று ஏட்டில் பிரிந்த நிலம், வீட்டிலும் உணவாகப் பிரிந்தது. ஏரியின் கீழ் நிலம் உடையவர் நெல்லுச்சோறு உண்டார். மேட்டு நிலம் உடையவர் களி உண்டார்.

குழியில் இருந்த தானியமும் தீர்ந்தபோது

கேழ்வரகை எளிதில் பூச்சி அண்டாது. நன்கு காயவைத்துக் குதிரிலும் நிலத்தடிக் குழியிலும் சேமித்தால் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். மழை பொய்க்கும் நாட்டில் இதைவிடப் பெரிய காப்பு வேறு இல்லை. ஆனால் 1876-இல் தொடங்கி 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தை அந்தக் குழிகளாலும் தாங்க முடியவில்லை. இப்பகுதி அப்போது சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்ட மக்கள்தொகை 19 லட்சத்திற்கும் மேல். 1881-இல் அது 16 லட்சத்தை எட்டவில்லை.

வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் அரிசி கப்பலில் சென்னைக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் உள்நாட்டுக்குச் சென்றது. பஞ்ச நிவாரண வேலை செய்தவர்களுக்கு 1877-இல் சர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த கூலி, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. கடினமாக உழைப்பவரின் உயிரைக் காக்க அது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். ஓர் இரவு உணவின் அளவைப் பற்றிய வாதம் அது. அதன் முடிவில் மனித உயிர்கள் தொங்கின.

ரயில் பாதை அப்போது மொரப்பூர் வழியாகச் சென்றது; தருமபுரிக்கு இல்லை. பஞ்சக் காலத்தில் தானியம் கொண்டுவரும் நோக்கத்தோடு மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய ரயில் பாதை ஒன்று 1906-இல் திறக்கப்பட்டு, 1913-இல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப்போரின்போது, 1941-இல், அது மூடப்பட்டது. பசிக்கு அஞ்சிப் போட்ட பாதை போருக்காக எடுக்கப்பட்டது.

அரிசி அன்றாடமான கதை

1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டு முறையும் பற்றாக்குறையும் தொடர்ந்தன. பழைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, 1952-இல் முதலமைச்சராக இருந்தபோது உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். பின்னர் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவும் வந்தன. பிள்ளைகள் பகலில் பள்ளியில் சோறு உண்டு பழகினர்; இரவிலும் சோறே கேட்டனர். 2008-இல் நியாயவிலைக் கடைகளில் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011 ஜூன் முதல் அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை விலையில்லாமல் கிடைத்தது. கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கும்போது, கேழ்வரகை விதைத்து, அறுத்து, அடித்து, புடைத்து, அரைப்பவர் யார்? கேழ்வரகு விளைந்த நிலங்களில் மரவள்ளியும் தக்காளியும் மாவும் ஏறின.

இதை வீழ்ச்சி என்று மட்டும் எழுதினால் நாம் நேர்மையாக எழுதியவர்கள் ஆகமாட்டோம். மாவரைக்கும் ஆலை வராத காலத்தில், விடியுமுன் எழுந்து திருகைக் கல்லைச் சுற்றியவர்கள் நம் நானிமார்களும் நன்னிமார்களும். புகையடுப்பின் முன் நின்று களி கிண்டிய தோள்களும் அவர்களுடையவையே. இலவச அரிசி அந்த வீடுகளில் பசியைப் போக்கியது. அந்தத் தோள்களுக்கும் ஓய்வு கொடுத்தது. பட்டினியை அறிந்த தலைமுறை, வெள்ளைச் சோற்றைத் தட்டில் கண்டபோது அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னதில் பொருள் இருந்தது.

வெட்கம் எங்கிருந்து வந்தது?

ஆனால் அரிசியோடு வேறொன்றும் வீட்டுக்குள் வந்தது. களி ஏழையின் உணவு என்ற எண்ணம் அது. விருந்தாளியின் காலடி ஓசை கேட்டதும் களிச்சட்டியை மூடி மறைத்துவிட்டு, அண்டை வீட்டில் அரிசி கைமாற்று வாங்கிச் சோறு வடித்த வீடுகளை நம்மில் மூத்தோர் அறிவார்கள். சம்பந்தம் பேச வந்தவர் முன்னால் களி உண்பதைச் சொல்லவே கூசினார்கள்.

நம் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் வீட்டு உணவை நினைத்துப் பார்த்தால் இந்தக் கூச்சம் வியப்பாக இருக்கிறது. அந்த வீட்டில் வாற்கோதுமை ரொட்டியே அன்றாடம்; அதுவும் தொடர்ந்து வயிறு நிறையக் கிடைத்ததில்லை. சல்லடை இல்லாத காலத்தில், அரைத்த மாவை ஊதி உமியைப் போக்கி உண்டார்கள் என்று ஸஹ்ல் இப்னு ஸஅத் ரலியல்லாஹு அன்ஹு அறிவித்த செய்தி புகாரியில் உள்ளது. எந்த உணவையும் நபியவர்கள் ஒருபோதும் குறை கூறியதில்லை. விருப்பமிருந்தால் உண்டார்கள், இல்லையேல் விட்டுவிட்டார்கள். முரட்டு மாவை உண்டவரைத் தலைவராகக் கொண்ட நாம், முரட்டு மாவுக்காக வெட்கப்பட்டோம்.

காலம் இப்போது வேறு திசையில் சுழல்கிறது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. சர்க்கரை நோய் புகாத வீடு அரிதாகிவிட்ட நிலையில், மருத்துவர்களும் சிறுதானியத்தைச் சேர்க்கச் சொல்கிறார்கள். உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவிக்கப்பட்ட 2023-இல், நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. அரிசி எந்தக் கடை வழியாக வந்ததோ, அதே கடை வழியாகக் கேழ்வரகு திரும்பி வந்தது.

தானியம் வந்துவிட்டது, அதைச் சமைக்கும் கைகள்தாம் குறைந்து வருகின்றன. அந்த இரண்டு கிலோவை வாங்கி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருக்கும் இளம் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. நொய் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எப்போது கிளறத் தொடங்குவது என்பவை எந்த ஏட்டிலும் முழுமையாக இல்லை. வீட்டின் மூத்த பெண்களிடமே இருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வோம். வாரத்தில் ஓர் இரவாவது, இஷாவுக்கு முன் களி கிண்டி, ஒரே தட்டைச் சுற்றி அமர்வோம். கிண்டும் வேலையை இம்முறை ஆண்களும் ஏற்போம். அன்று விருந்தாளி வந்தால் சட்டியை மூட வேண்டாம். பிஸ்மில்லாஹ் சொல்லி அவருக்கும் ஓர் உருண்டை வைப்போம்.