நல்லெண்ணெயும் நரம்பும்: பேராதனையோடு சேர்ந்த ஒரு வரலாறு

பிள்ளை பெரியவளானால் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுப்பது நம் பகுதி வீடுகளில் பழைய வழக்கம். பிள்ளை பெற்ற தாய்க்கும் கொடுப்போம். அந்த நல்ல வழக்கத்துக்குள் ஒருமுறை நஞ்சு நுழைந்தது. பிலிமத்தலாவையில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்ச் சேரும் பேராதனையோடு தொடர்புடைய அந்த வரலாறு நம்மில் பலருக்குத் தெரியாது.

1977, 1978 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் 20க்கும் மேற்பட்ட இளம் தமிழ்ப் பெண்களுக்குக் கை கால்களில் பலம் குறைந்தது. பாரிசவாதம் என்றால் பாதிப்பு மூளையில். பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கம்தான் விழும். இவர்களுக்கோ இரு பக்கமும் பாதிக்கப்பட்டது.

பேராதனை மருத்துவ பீடத்தின் நரம்பியல் வைத்தியர் நிமல் சேனாநாயக்க இவர்களின் நரம்புகளை அளந்து பார்த்தார். இந்தப் பரிசோதனை எளிமையானது. தோலின் மேல் சிறிய மின்தூண்டல் கொடுப்பார்கள். தசை எவ்வளவு நேரத்தில், எவ்வளவு பலமாகப் பதில் தருகிறது என்று கருவி பதியும். நல்ல நரம்பில் செய்தி விநாடிக்கு சுமார் 50 மீட்டர் ஓடும். நரம்பு இழைகள் அறுந்தால் பதில் சிறுத்துப் போகும்.

காரணம் எண்ணெயில் இருந்தது. ட்ரை கிரெசைல் பொஸ்பேட் என்ற இரசாயனம் நல்லெண்ணெயில் கலந்திருந்தது. முன்பு கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களில் அதைக் கொண்டு வந்ததால் கலந்திருக்கலாம் என்று சேனாநாயக்கவும் ஜெயரத்தினமும் 1981 இல் லான்செட் மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்கள்.

இந்த நஞ்சு உலகுக்குப் புதிதல்ல. 1930 இல் அமெரிக்காவில் இஞ்சிச் சாராயத்தில் கலந்து பல்லாயிரம் பேரை முடக்கியது. 1959 இல் மொரோக்கோவின் மெக்னெஸ் நகரில், விமான எஞ்சின் எண்ணெய் கலந்த சமையல் எண்ணெயால் சுமார் 10,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். ஆய்வுகூடத்தில் இதைக் காட்டிக் கொடுத்தது கோழி. எலிகளில் இந்த முடக்கம் சரியாகத் தெரியாது. கோழிக்கோ மனிதரைப் போலவே, நஞ்சு உட்சென்று ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் கால் விழும். இன்றும் இவ்வகை இரசாயனங்களைக் கோழியில்தான் சோதிக்கிறார்கள்.

அந்தத் தாமதம்தான் ஆபத்து. இன்று சாப்பிட்டதற்கு இரண்டு வாரம் கழித்துக் கால் விழுந்தால் எந்தத் தாய் எண்ணெயைச் சந்தேகிப்பாள்? கை கால் நரம்புகள் மெல்ல மெல்ல வளரும். முள்ளந்தண்டு வடத்தில் ஏற்பட்ட பாதிப்போ ஆறுவது அரிது. நடை விறைத்தே போகலாம்.

நல்லெண்ணெய் மீது குற்றமில்லை, வழக்கத்தின் மீதும் இல்லை. ஏமாற்றியது கொள்கலன். மருந்தடிக்கும் கான், எஞ்சின் ஒயில் கான், பெயின்ட் வாளி எதையும் கழுவிவிட்டு எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ எடுக்க வேண்டாம். சில்லறையாக எண்ணெய் வாங்கும்போது எந்தப் பீப்பாயிலிருந்து ஊற்றுகிறார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுப்போம்.