வானத்துச் சாட்சியும் நிலத்துச் சாட்சியும்: 1983 செப்டம்பர் இரவு பற்றிய ஒரு மறு ஆய்வு

ஏவுகணை எச்சரிக்கையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர் எவரும் 1983 செப்டம்பர் 26 ஆம் நாளைக் கடந்து போக முடியாது; ஆனால் அந்த இரவுக்கு டேவிட் ஹாஃப்மன் தந்த வியாக்கியானமே முடிந்த முடிபாக நிலைத்துவிட்டது இத்துறைக்கு நேர்ந்த நஷ்டம் என்பது என் அபிப்பிராயம். மாஸ்கோவுக்குத் தெற்கே செர்புகோவ்-15 நிலையத்தில் காவலிருந்த ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ், அமெரிக்காவிலிருந்து ஐந்து ஏவுகணைகள் கிளம்பிவிட்டதாகத் துணைக்கோள்கள் அறிவித்தபோது, அது பொய்யெச்சரிக்கை என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். 1999 இல் வாஷிங்டன் போஸ்ட் இதழில் இதை எழுதிய ஹாஃப்மன், பெத்ரோவின் உள்ளுணர்வையே தலைப்பில் ஏற்றினார். பத்தாண்டு கழித்து வெளியிட்ட 'தி டெட் ஹேண்ட்' நூலின் வாயிலிலும் அந்த இரவையே நிறுத்தினார். நிலத்து ராடார்கள் எதையும் காணவில்லை என்ற விஷயம் அவருக்குத் தெரியாததன்று. அவருடைய எழுத்தில் அது இருக்கவே செய்கிறது. ஆயினும் ஒரு மனிதரின் மனத்திடத்தைச் சொல்லும் ஆர்வத்தில், வழக்கை முடித்துவைத்த சாட்சியை அவர் ஓரமாக உட்கார்த்திவிட்டார்.

சாட்சி என்ற சொல்லை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. பட்டாசு ஆலைகள் சூழ்ந்த எம். புதுப்பட்டிப் பக்கம் நண்பகலில் தொலைவில் புகை எழுந்தால் 'சத்தம் கேட்டுச்சா?' என்பதே முதற்கேள்வி. சத்தம் கேட்டாலோ மாடியேறிப் புகை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். சீமைக்கருவேல் கரிமூட்டம் சத்தமின்றிப் புகையும். கல்குவாரி வேட்டு புகையில்லாமல் முழங்கும். இரண்டும் ஒரே திசையில் ஒன்றுபட்டால்தான் ஆலைக்குப் போன பெண்களின் வீட்டார் வாசலை விட்டு ஓடுவார்கள். இந்தப் பரிசோதனையை அவர்களுக்கு எந்தச் சாஸ்திரமும் கற்பிக்கவில்லை.

துணைக்கோளின் இயல்பையும் இங்கேயே கண்ணால் காணலாம். மாலையில் சோதனைக்காக விடும் குச்சி வாணம், திரி பற்றியதும் சீறி எழுந்து, மருந்து எரியும் இரண்டொரு விநாடி மட்டுமே நெருப்புக் கோடாகத் தெரிகிறது. மருந்து தீர்ந்ததும் இருளில் கரைந்துவிடுகிறது. பிறகு கருகிய குச்சி ஓட்டின்மேல் விழும் ஓசையால்தான் அது போன வழியை அறிகிறோம். அகச்சிவப்புக் கிரணத்தைத் தேடும் துணைக்கோளும் இயந்திரம் எரியும் சில நிமிஷங்களின் உஷ்ணத்தையே காண்கிறது. நெருப்பணைந்த பின்பு பறக்கும் உடலைக் காண்பது, வானொலி அலையை அனுப்பி அதன் எதிரொலியை வாங்கும் ராடாரின் தொழில்.

இவ்விரண்டும் தனித்து நின்று ஏமாந்த வரலாறு இணையாக அமைந்திருப்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். 1960 அக்டோபர் 5 ஆம் நாள் கிரீன்லாந்தின் தூலே ராடார் நிலையம் பெரும் தாக்குதல் வருவதாகக் காட்டியது; நார்வேக்கு மேலே உதித்த சந்திரனில் பட்டு, சுமார் 3,84,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து திரும்பிய எதிரொலிதான் அது. அன்று இரண்டாம் சாட்சியை அழைக்க வழியில்லை. அவ்வாண்டு மே 24 இல் ஏவப்பட்ட மிடாஸ்-2 துணைக்கோளின் செய்தித்தொடர்பு சில நாட்களிலேயே அறுந்துபோயிருந்தது. 1983 இல் நிலைமை தலைகீழானது: உயர்ந்த மேகங்களின்மேல் தெறித்த சூரிய ஒளியைத் துணைக்கோள் ஏவுகணை நெருப்பாக எண்ணிற்று. நிலத்தை ஏமாற்றியது சந்திரன். வானத்தை ஏமாற்றியது சூரியன். ஒரே காரணம் இரு கண்களையும் ஒருங்கே மயக்குவது அரிது என்பதே இவற்றை இணைப்பதற்குரிய மூல நியாயம்.

என் வாதத்துக்கு எழக்கூடிய பலமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஏவுகணை அடிவானத்துக்கு மேல் எழும்வரை ராடார் அதைக் காணமாட்டாது. ஆகவே பெத்ரோவ் முடிவெடுத்த முதல் நிமிஷங்களில் ராடாரின் மௌனம் இன்னும் பிரமாணமாக முதிரவில்லை எனலாம். இதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மௌனம் எந்த நிமிஷத்தில் பிரமாணமாயிற்று என்பதை அவர் பிற்காலத்தில் கூறிய நினைவுகளைக் கொண்டு நிர்ணயிப்பது பொருந்தாது. ஐந்தே ஏவுகணைகளோடு யார் யுத்தம் தொடங்குவார் என்ற அவருடைய அனுமானம் முந்தியிருக்கவும் கூடும். ஆயினும் அனுமானம் அனுமானமாகவே நின்றிருக்கும்; அதை மெய்யாக்கியது அடுத்து வந்த நிமிஷங்களிலும் கலையாத நிலத்து மௌனம். பிற்பாடு சோவியத் அமைப்பு செய்துகொண்ட திருத்தமும், புவிநிலைத் துணைக்கோளின் பார்வையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதாகவே அமைந்தது. இன்னொரு சாட்சியைத்தான் அவர்கள் தேடினார்கள்.

இரு சாட்சிகளும் பின்னர் போர்க்களத்திலும் கைகோத்தன: 1991 வளைகுடாப் போரில் ஸ்கட் ஏவுகணைகளின் நெருப்பைக் கண்ட அமெரிக்கத் துணைக்கோள்களின் செய்தி, நிலத்து ராடாரோடு காத்திருந்த பேட்ரியாட் எதிர் ஏவுகணைப் படைப்பிரிவுகளை எட்டியது யாவரும் அறிந்ததே.

நம் நாட்டின் விஷயம் வேறு. 2022 மார்ச் 9 ஆம் நாள் இந்திய பிரமோஸ் ஏவுகணை ஒன்று, பராமரிப்பின்போது நேர்ந்த பிசகினால் கிளம்பி, பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது, உயிர்ச்சேதம் இல்லை. இந்தியாவின் சிர்சா அருகிலிருந்தே அதைத் தொடர்ந்து கண்டதாகப் பாகிஸ்தான் மறுநாள் அறிவித்தது. தவறுதலாகப் புறப்பட்டது என்று இந்தியா ஒப்புக்கொண்டது மார்ச் 11 இல். கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் ஏவுகணைக்கு ஏறக்குறைய அரைமணி நேரம் பிடிக்கும். பெத்ரோவுக்கு அதில் ஒரு பகுதியேனும் காத்திருக்கக் கிடைத்தது. பாகிஸ்தான் தரப்பின் கணக்குப்படி, மார்ச் 9 ஆம் நாளின் பறப்பு முழுவதும் ஏழு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது.