கடலுக்கு அப்பால் இறந்தவர்களுக்கு வாரிசு யார்?



ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் அடுத்த இந்த வன்னியம்பட்டியில் கூடியிருக்கும் நாம், இன்று ஒரு சொத்து வழக்கைப் பேச வேண்டியிருக்கிறது. வெளிநாட்டில் இறந்த நம்மவர்கள் விட்டுச் சென்றது யார் கைக்குப் போனது என்பதே அந்த வழக்கு.

இலங்கைக்கும் மலேயாவுக்கும் நேட்டாலுக்கும் போன தமிழ்க் கூலிகளில் பெரும்பங்கினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். கப்பல் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், உடலில் உள்ள அடையாளம் எல்லாம் எழுதப்பட்டன. பட்டாவிலும் பத்திரத்திலும் இடம் பெறாத நம் முன்னோர் பலரின் பெயர் அரசாங்கக் காகிதத்தில் ஏறியது அங்கேதான். அந்தப் பதிவும் கூலி ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதப்பட்டது. அவர் இறந்தால் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பது அதன் முதல் நோக்கமாக இருக்கவில்லை.

அங்கேயே குடும்பம் அமைத்தவர்களின் நிலை என்ன? 1913 மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சீர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். பலதார மணத்தை அனுமதிக்கும் மதங்களின் சடங்குப்படி நடந்த திருமணம் தென்னாப்பிரிக்கச் சட்டத்தின் முன் திருமணம் ஆகாது என்பது அதன் சாரம். ஒரே நாளில் மனைவிமார் வைப்பாட்டிகள் ஆனார்கள். பிள்ளைகளின் வாரிசுரிமை கேள்விக்குள்ளானது. பெண்கள் சிறை சென்றது இதனால்தான். தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அதே ஆண்டு வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் ஒருதார மணங்களை ஏற்றது. மூன்று பவுன் தலைவரியையும் நீக்கியது. வாரிசுரிமை கேட்டதற்கு ஓர் இளம்பெண்ணின் உயிர் விலையானது.

இலங்கைத் தோட்டங்களில் கதை வேறு. கூலி கடனோடுதான் போய் இறங்கினார். ஊரில் வாங்கிய முன்பணமும் வழிச்செலவும் கங்காணியின் கணக்கில் ஏறின. கடன் தீராமல் தோட்டம் மாற முடியாது. அந்தக் கடன் விவரத்தை எழுதிய சீட்டுக்குத்தான் 'துண்டு' என்று பெயர். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழிக்கும்வரை, ஒரு கங்காணி இன்னொரு தோட்டத்துக்கு ஆளைக் கைமாற்ற இந்தத் துண்டு பயன்பட்டது. நிலம் வைத்திருந்தவர்கள் பிள்ளைகளுக்கு நிலத்தை விட்டுப் போனார்கள். நம்மவர்கள் கணக்குத் தீராத பேரேட்டை விட்டுப் போனார்கள்.

மூன்றாவது இடம் சயாம் மரண ரயில்பாதை. 1942-43இல் ஜப்பானிய ராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை போட்டது. மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டு போகப்பட்டார்கள். காலராவிலும் பசியிலும் அடியிலும் செத்தார்கள். அங்கே இறந்த நேச நாட்டுப் போர்க் கைதிகள் 12,000 பேருக்கும் மேல். காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் அவர்களில் ஏறத்தாழ 7,000 பேர் அடக்கமாகியிருக்கிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயர் இருக்கிறது. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்த ஆசியக் கூலிகளுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை இல்லை. பெயர் இல்லாத சாவுக்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாதவரின் மனைவி சட்டத்தின் கண்ணில் விதவைகூட இல்லை.

இதையெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியுமா? வளைகுடாவில் ஒரு தொழிலாளி இறந்தால், சம்பளப் பாக்கியும் இழப்பீடும் இந்தியத் தூதரகம் வழியாக மாவட்ட ஆட்சியருக்கு வந்து, வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுவது நடைமுறை. அதற்கு வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் வேறு எழுத்து என்றால் கோப்பு நகராது. சாதி மறுப்புத் திருமணம் செய்து அதைப் பதியாமல் விட்ட பெண்ணை, மாமனார் வீடே மருமகள் இல்லை என்று சொல்லிவிட முடியும். சீர்ல் தீர்ப்பு வேறு உருவில் நம் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கிறது.

பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா போன்ற நாடுகளுக்குப் பதிவோடு வேலைக்குப் போனால், பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் கட்டாயக் காப்பீட்டில் விபத்துச் சாவுக்கு 10 லட்சம் ரூபாய் உண்டு. சுற்றுலா விசாவில் ஏஜென்ட் அனுப்பி வைத்தவருக்கு அது இல்லை. யார் அப்படிப் போகிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

ஆகவே மாணவர்களுக்கு இரண்டு வேலைகள். ஒன்று, பதிவேடுகளில் நம்மவர்களைத் தேடுங்கள். 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. பழைய கப்பல் பதிவுகளில் நம் ஊர்களை அந்த மாவட்டத்தின் கீழ்தான் தேட வேண்டும். இரண்டு, வெளிநாட்டில் ஆள் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, திருமணப் பதிவையும் பெயர்களின் எழுத்தையும் இன்றே சரிபாருங்கள். முதல் வேலை இறந்தவர்களுக்கு நாம் பட்ட கடன். இரண்டாவது வேலையைச் செய்தால், இனி ஒரு தாய் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத் திண்ணையில் மாதக்கணக்கில் உட்கார வேண்டியிருக்காது.