கிரீம் பன்னும் ஒரு தலைமறைவுக்காரரும்

வங்கியில் மாற்றல் என்று ஹைதராபாத்துக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. பிரியாணி, ஹலீம், ஈரானி சாயா, உஸ்மானியா பிஸ்கட் எல்லாம் பழகிப் போச்சு. ஜப்பான் இனிப்புதான் பாக்கி இருந்தது. போன மாதம் ஹைடெக் சிட்டி பக்கம் நடந்த ஒரு வார இறுதி உணவுச் சந்தையில் அந்தக் கணக்கும் தீர்ந்தது. மகள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மோச்சி, தோராயாகி, கஸ்டெல்லா கேக், கிரீம் பன் என்று வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். தங்கமணி மோச்சியை ஒரு கடி கடித்துவிட்டு மகளைப் பார்த்துக் கேட்டது: "மேலே அரிசி மாவு, உள்ளே பயறு பூரணம். பிள்ளையார் சதுர்த்திக்கு நான் இதையே பண்ணினா தொடமாட்டே. இங்கே இருநூறு ரூபாய் குடுத்து ரெண்டாவது வேணுமா?" நியாயமான கேள்வி. உள்ளே இருப்பது அட்சுகி என்ற சிவப்புப் பயறு. நம்ம உளுந்து, பாசிப்பயறு, காராமணிக்கெல்லாம் நெருங்கிய சொந்தம். பயறை வேகவைத்துச் சர்க்கரை போட்டுக் கிளறி மாவுக்குள் பொதிவது நமக்கு என்ன புதுசா?

நான் நின்றது கிரீம் பன் தட்டுக்கு முன்னால். கையுறை மாதிரி வடிவம், உள்ளே மஞ்சளாக முட்டைக் கஸ்டர்டு. இந்தப் பன்னுக்குப் பின்னால் இந்தியச் சுதந்திரப் போராட்டத்தின் ஒரு அத்தியாயமே இருக்கிறது. மலேயா, சிங்கப்பூர் பக்கம் வேர் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் அதில் பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் பன். ஜப்பானியர் ரொட்டியைப் 'பான்' என்கிறார்கள். யாழ்ப்பாணத்து நண்பர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள், அவர்கள் வீட்டிலும் அது பாண்தான் :-) மும்பையின் பாவும் அதே குடும்பம்தான். எல்லாம் போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன சொல். அவர்கள் ஜப்பான் கரையில் முதலில் இறங்கியது 1543-ல். அதற்கு முந்தைய வருஷம் நம்ம தூத்துக்குடி பக்கம் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர்களிடையே வேலை செய்த பிரான்சிஸ் சேவியர்தான் 1549-ல் ககோஷிமாவில் போய் இறங்கினார். கஸ்டெல்லா கேக்கும் போர்ச்சுக்கீசியர் கொடுத்ததே.

ஆனாலும் ரொட்டி ஜப்பானியர் நாக்கில் சுலபமாக ஒட்டவில்லை. சோறு தின்கிறவனுக்கு ரொட்டி எப்படி இறங்கும்? வழி கண்டுபிடித்தவர் கிமுரா யசுபே என்ற பழைய சாமுராய். சாமுராய்களின் பிழைப்பு போன காலம் அது. டோக்கியோவில் ரொட்டிக்கடை வைத்து, அரிசி மது காய்ச்சும் நொதியில் மாவைப் புளிக்க வைத்து, உள்ளே பயறு பூரணத்தை அடைத்து, 1874-ல் 'அன்பான்' என்று விற்றார். அடுத்த வருஷம் ஏப்ரலில், நடுவில் உப்பில் ஊறிய செர்ரிப் பூவை வைத்து, மெய்ஜி சக்கரவர்த்திக்கே அது போனது. ராஜா சாப்பிட்டால் ஊரே சாப்பிடும் இல்லையா?

இப்போது நம்ம ஆட்கள். சோமா ஐசோ, அவர் மனைவி கொக்கோ. டோக்கியோ பல்கலைக்கழகத்துக்கு எதிரில் இருந்த நகாமுராயா என்ற ரொட்டிக்கடையை 1901-ல் வாங்கினார்கள். படித்த தம்பதி, பேக்கரி அனுபவம் பூஜ்யம். எங்கள் வங்கிக்குக் கடன் கேட்டு வந்திருந்தால் மேனேஜர் ரொம்ப யோசித்திருப்பார். 1904-ல் இருவரும் கிரீம் பஃப் சாப்பிட்டுப் பார்த்து, இந்தக் கிரீமைப் பன்னுக்குள் வைத்தால் என்ன என்று யோசித்தார்கள். பிறந்தது கிரீம் பன். வியாபாரம் வளர்ந்து, 1909-ல் கடை ஷிஞ்சுகுவில் இன்றைக்கு இருக்கும் இடத்துக்கு வந்தது. கடைக்குப் பின்னால் ஒரு ஓவியக் கூடம். ஓவியர்களும் சிற்பிகளும் வந்து போகிற வீடு.

இனி நம்ம கதாநாயகர். ராஷ் பிஹாரி போஸ் பகலில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் அரசாங்க குமாஸ்தா, மற்ற நேரம் புரட்சிக்காரர். 1912 டிசம்பர் 23-ல் டெல்லியில் யானை மேல் ஊர்வலம் போன வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு விழுந்ததே, அந்தத் திட்டம் இவருடையது. 1915 பிப்ரவரியில் ராணுவ முகாம்களில் கிளர்ச்சி நடத்தப் போட்ட திட்டம் காட்டிக்கொடுக்கப்பட்டுத் தோற்றது. கூட இருந்த பலர் தூக்கில் தொங்க, இவர் பி.என். தாகூர் என்று பெயர் மாற்றிக்கொண்டு கல்கத்தாவில் கப்பலேறி ஜூனில் ஜப்பான் போய்ச் சேர்ந்தார். தாகூர் நோபல் பரிசு வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அந்தப் பெயருக்கு எந்த அதிகாரி மறுகேள்வி கேட்பான்?

ஆனால் ஜப்பானும் பிரிட்டனும் 1902 முதல் கூட்டாளிகள். ஆள் யார் என்று பிரிட்டிஷ் தூதரகம் கண்டுபிடித்து நெருக்க, போஸும் ஹேரம்ப லால் குப்தா என்ற இன்னொரு இந்தியரும் டிசம்பர் 2-க்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று நவம்பர் கடைசியில் உத்தரவு வந்தது. அந்தத் தேதிக்குள் கிளம்பும் கப்பல்கள் ஷாங்காய், ஹாங்காங் வழியாகத்தான் போகும். இரண்டு இடத்திலும் பிரிட்டிஷ் போலீஸ். அதாவது தூக்குக்கயிறு.

பத்திரிகையில் இதைப் படித்துக் கொதித்துப்போனவர்களில் சோமா ஐசோவும் ஒருவர். அவர் அரசியல்வாதி இல்லை, இந்தியாவோடு எந்தத் தொடர்பும் இல்லை. கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளரிடம், எங்க வீட்டிலேயே ஒளித்து வைக்கலாமே என்கிற மாதிரி சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சு, இந்தியர்களுக்கு உதவிக்கொண்டிருந்த தோயாமா மிட்சுரு என்ற செல்வாக்குள்ள தேசியவாதியின் காதுக்குப் போனது. டிசம்பர் 1 இரவு போஸும் குப்தாவும் விடைபெறுவதுபோல் தோயாமா வீட்டுக்குப் போனார்கள். வாசலில் போலீஸ் காவல். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற ஊர் அது. இவர்கள் ஷூக்கள் வாசலில் கிடந்ததால் ஆள் உள்ளேதான் என்று போலீஸ் நம்பிக்கொண்டிருந்தது என்பார்கள். இவர்களோ வேஷம் மாற்றிப் பின்பக்கமாக வெளியேறி, காரில் ஷிஞ்சுகு போய்ச் சேர்ந்தாகிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். நாள் முழுக்கக் கூட்டம் மொய்க்கும் கடை, ஏகப்பட்ட வேலையாட்கள். பின்கட்டு ஓவியக் கூடத்தில் அரசாங்கம் தேடும் இரண்டு வெளிநாட்டுக்காரர்கள். ஐசோ வேலையாட்களைக் கூப்பிட்டு விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். ஒருவரும் வெளியே வாய் திறக்கவில்லை. கொக்கோவுக்கு ஆங்கிலம் கொஞ்சம் தெரியும், அவர்தான் பேச்சுத் துணை. குப்தா அடைந்து கிடக்க முடியாமல் நடுவில் நழுவிவிட்டார், பிறகு அமெரிக்கா போனார். போஸ் இருந்தார், ஏறக்குறைய நான்கு மாதம், ஜப்பான் அரசாங்கம் மனம் மாறி உத்தரவைக் கைவிடும் வரை. நானும் அயலூரில் வாடகை வீடு தேடி, எந்த ஊர், என்ன சாப்பாடு என்ற கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவன். இந்தப் பகுதியைப் படிக்கும்போது மனசு கொஞ்சம் நின்றுவிடும்.

இங்கே ஒரு சின்ன விலகல். ஹைதராபாத்தில் பேக்கரி என்றாலே கராச்சி பேக்கரிதான் பேச்சு. பிரிவினையில் சிந்து மாகாணத்தை விட்டு வந்த கான்சந்த் ராம்னானி 1953-ல் மொஅஜ்ஜம் ஜாஹி மார்க்கெட்டில் ஆரம்பித்தது. சாயாக் கடைகள் ஈரானிலிருந்து வந்தவர்கள் வைத்தது. அடுப்பு மூட்டினவர்களில் பாதிப் பேர் ஊரைவிட்டு வந்தவர்கள்.

சரி, ஷிஞ்சுகுவுக்குத் திரும்புவோம். உத்தரவு போனாலும் பிரிட்டிஷ் உளவாளிகள் விடவில்லை. போஸ் வீடு மாற்றிக்கொண்டே இருந்தார். அவருக்குப் பாதுகாப்பாக ஜப்பானியத் துணை வேண்டும் என்று தோயாமா சோமா வீட்டின் மூத்த மகள் தோஷிகோவைக் கேட்டார். பெற்றோர் தயங்கினார்கள், முடிவை அவளிடமே விட்டார்கள். அவள் சம்மதித்தாள். 1918-ல் ரகசியமாகக் கல்யாணம். ஒரு மகன், ஒரு மகள். 1923-ல் போஸுக்கு ஜப்பானியக் குடியுரிமை கிடைத்தது. 1925 மார்ச்சில் தோஷிகோ காலமானார். இருபத்தெட்டு வயதுகூட ஆகவில்லை.

1927-ல் நகாமுராயா உணவுக்கூடம் திறந்தபோது, போஸ் சொன்னபடி இந்தியக் கறி போட்டார்கள். ஜப்பானில் அப்போதே கறி உண்டு, ஆனால் அது பிரிட்டன் வழியாக வந்த, மாவு கரைத்துக் கெட்டியாக்கிய குழம்பு. போஸுக்கு அது பொறுக்கவில்லை. எலும்போடு கோழித் துண்டு, முழு மசாலா. மற்ற கடைகளில் கறிச்சோறு பத்துப் பன்னிரண்டு சென்; இங்கே எண்பது சென். அந்த விலைக்கும் நன்றாகவே விற்றது.

இத்தோடு நிறுத்தினால் கதை அழகாக இருக்கும், ஆனால் கணக்கு டேலி ஆகாது. போஸை ஆதரித்த தோயாமா கூட்டம் ஜப்பானிய ஏகாதிபத்தியத்தின் முன்வரிசை. 1942-ல் ஜப்பான் படை மலேயாவையும் சிங்கப்பூரையும் பிடித்தபோது, இந்தியச் சுதந்திர லீகின் தலைவராக வந்தவர் போஸ். ஜப்பானின் கைப்பாவை என்று இந்திய தேசிய ராணுவத்திலேயே பலர் அவரை நம்பவில்லை. அந்த வருஷக் கடைசியில் முதல் ராணுவம் கலைந்தும் போனது. 1943 ஜூலை 4-ல் சிங்கப்பூர் கேத்தே அரங்கில் தலைமையைச் சுபாஷிடம் ஒப்படைத்தார். சுபாஷோடு நீர்மூழ்கியில் வந்த ஆபித் ஹசன் நம்ம ஹைதராபாத்துக்காரர் என்பது கூடுதல் தகவல்.

சுபாஷ் கூப்பிட்டதும் மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் திரண்டு வந்தார்கள். ரப்பர் பால் வெட்டின பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். அதே காலத்தில், அதே தோட்டங்களிலிருந்து, அதே ஜப்பான் ராணுவம் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டு போனது. காலராவிலும் பட்டினியிலும் காட்டிலேயே செத்தவர்கள் பல்லாயிரம். ஒரே லயத்தில் ஒரு வீட்டுப் பையன் ராணுவத்தில், பக்கத்து வீட்டுக்காரர் சயாம் காட்டில். இரண்டையும் ஒரே பேரேட்டில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. போஸ் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் சோமா தம்பதி மேல் வருகிற மாதிரி, கேள்வி இல்லாத மரியாதை அவர் மேல் வரவில்லை.

போஸ் 1945 ஜனவரி 21-ல் டோக்கியோவில் இறந்தார். மகன் மசஹிதே ஜப்பானியச் சிப்பாயாக அதே வருஷம் ஒகினாவா போரில் போய்விட்டான். நகாமுராயா இன்றும் ஷிஞ்சுகுவில் அதே இடத்தில் இருக்கிறது, 2014-ல் கட்டிய புதுக் கட்டடத்தில். மூன்றாம் மாடியில் அந்த ஓவியக் கூடத்துக் கலைஞர்களின் படங்களுக்கு ஒரு சின்ன அருங்காட்சியகம், நிலத்தடித் தளத்தில் போஸின் கோழிக்கறி. டோக்கியோவில் இருக்கும் நண்பர்கள் யாராவது போய்ச் சாப்பிட்டால், காரம் நம்ம நாக்குக்குப் போதுமா என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.